நாலாம் தலைமுறை டிசையர்: எஞ்சின்ல ஒரு சிலிண்டர் குறைஞ்சிருக்கு, பாடி கெட்டியாயிருக்கு. வேலூர் ஓட்டத்துக்கு எப்படி?

சத்துவாச்சாரி செந்தில்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட 2013 மாடல் டீசல் டிசையரை மாத்தலாம்னு வீட்டுல முடிவாயிடுச்சு. அடுத்ததும் செடான்தான் வேணும்னு அப்பா உறுதியா இருக்காரு. அதனால எஸ்யூவி சிபாரிசு வேண்டாம்னு முதல்லயே கேட்டுக்கறேன்.

கண்ணு நாலாம் தலைமுறை டிசையர் மேலதான். 2024 நவம்பர்ல வந்த மாடல். முகம், பின்பக்கம், டேஷ்போர்டு எல்லாம் மாறியிருக்கு. ஷோரூம்ல போய் நின்னா சன்ரூஃப், 360 டிகிரி கேமரா, 9 அங்குல ஸ்கிரீன்னு அடுக்கறாங்க. எனக்கு அதெல்லாம் ரெண்டாம்பட்சம். மனசை அரிக்கறது வேற ரெண்டு விஷயம். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துட்டு மூணு சிலிண்டர் வெச்சிருக்காங்க, பவர் 90 பிஎஸ்ல இருந்து 82-க்கு இறங்கிடுச்சு. அதே வண்டிதான் மாருதியிலேயே முதல்தடவையா குளோபல் என்கேப்ங்கற மோதல் சோதனையில 5 நட்சத்திரம் வாங்கியிருக்கு. ஒரு பக்கம் குறைச்சு, ஒரு பக்கம் கூட்டியிருக்காங்க. நம்ம ஓட்டத்துக்கு இது லாபமா நஷ்டமா?

எங்க ஓட்டம் சொல்றேன். வாரநாள்ல சத்துவாச்சாரி – காட்பாடி. அப்பப்போ சென்னை. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. சித்தூர் வழியாத் திருப்பதி. பின்சீட்டுல எப்பவும் அம்மா, பாட்டி, 4 வயசுல என் பொண்ணு. பாட்டியை சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வேலை அடிக்கடி வரும், மடக்கற வாக்கர் ஒண்ணு டிக்கியிலேயே கிடக்கும். ஹோண்டா அமேஸ் மூணாம் தலைமுறையும் யோசனையில இருக்கு. ஓட்டறவங்க சொல்லுங்க.

காட்பாடி வாத்தியார்

தம்பி, கேள்வியைச் சரியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். எஞ்சின் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு இதே பாடத்தைத்தான் வகுப்பில் நடத்துகிறேன்.

டிசையரின் பழைய கே12என் எஞ்சின், புதிய இசட்12இ எஞ்சின் இரண்டுமே 1197 சிசிதான். அதை நாலாகப் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 299 சிசி, மூன்றாகப் பிரித்தால் 399 சிசி. சிலிண்டர் பெரிதானால், உள்ளே எரியும் வாயுவின் அளவுக்கு அதைச் சுற்றியிருக்கும் சுவர்ப்பரப்பு குறைவு. வாயுவின் சூடு சுவர் வழியாகக் கூலன்டுக்குப் போய் வீணாவது அந்த அளவுக்குக் குறைகிறது. மேலும் ஒரு பிஸ்டன், அதன் ரிங்குகள், ஒரு கனெக்டிங் ராட், அதன் பேரிங்குகள், வால்வுகள் என்று உராய்கிற பாகங்களில் முழு செட் ஒன்று இல்லாமல் போகிறது. புதிய எஞ்சினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 92.8 மி.மீ. ஸ்ட்ரோக் இப்படி நீளமாக இருந்தால் எரியும் அறை சிறுத்து அடக்கமாக அமையும், பெட்ரோலும் சீக்கிரம் எரிந்து தீரும். இத்தனையும் சேர்ந்துதான் கம்பெனி சொல்லும் மைலேஜ் (லிட்டருக்கு கி.மீ.) மேனுவலில் 22.41-இலிருந்து 24.79-க்கும், ஏஎம்டி என்ற ஆட்டோமேட்டிக்கில் 22.61-இலிருந்து 25.71-க்கும் ஏறியது. சோதனைக்கூட எண்கள்தான். ஆனால் பழையதும் புதியதும் ஒரே முறையில் அளக்கப்பட்டவை என்பதால் வித்தியாசத்தை நம்பலாம்.

இழந்தது என்ன? பவர் 90-இலிருந்து 82-க்கு வந்தது. டார்க்கை, அதாவது சுழற்றும் விசையைப் பாருங்கள்: பழையது 113 நியூட்டன் மீட்டர், புதியது 111.7. கிட்டத்தட்ட ஒன்றே. ஊருக்குள் ஓட்டும்போது நாம் பயன்படுத்துவது டார்க்கைத்தான். குறைந்த 8 பிஎஸ், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து 5000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) தாண்டும்போதுதான் தெரியும்.

அடுத்து அதிர்வு. நாலு சிலிண்டரில் கிராங்க் 180 டிகிரிக்கு ஒருமுறை ஒரு வெடிப்பு கிடைக்கும். மூன்றில் 240 டிகிரிக்கு ஒருமுறை. இடைவெளி கூடினால் மெதுவாகச் சுற்றும்போது துடிப்பு தனித்தனியாகத் தெரியும். இன்னொன்றும் உண்டு. மூன்று பிஸ்டன்களின் மேல்கீழ் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டாலும், முதல் சிலிண்டரும் மூன்றாவது சிலிண்டரும் வெவ்வேறு நேரத்தில் இழுப்பதால் எஞ்சின் முழுவதும் சீசாப் பலகை போல முன்னும் பின்னும் ஆடப் பார்க்கும். அதை ரப்பர் மவுண்டுகள் விழுங்க வேண்டும். வண்டி நிற்கும்போதும், 3-ஆவது கியரில் 1200 ஆர்பிஎம்மில் உருட்டும்போதும்தான் மவுண்டுக்குக் கஷ்டம். 2000-க்கு மேல் இந்த ஆட்டம் உணர்வில் இருக்காது.

ஒன்றை மட்டும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருக்கு வித்தியாசம் சிலிண்டர் எண்ணிக்கையால் வரப்போவதில்லை, டீசலிலிருந்து பெட்ரோலுக்கு வருவதால் வரப்போகிறது. அவர் ஓட்டிப் பழகிய 1.3 லிட்டர் டீசல் 2000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் கொடுத்த எஞ்சின். டர்போ பிடித்ததும் முதுகைத் தள்ளும். இந்தப் பெட்ரோலில் உச்ச டார்க்கே 4300-இல்தான் வருகிறது. பள்ளிகொண்டா பக்கம் லாரியைத் தாண்ட, டீசலில் 5-ஆவது கியரிலேயே மிதித்திருப்பார். இதில் 4-க்கோ 3-க்கோ இறங்கித்தான் தாண்ட வேண்டும். எஞ்சின் சத்தம் போடும். அது அதன் வேலை, பயப்பட வேண்டாம்.

குடியாத்தம் வண்டிக்காரர்

வாத்தியார் சொல்றது அப்படியே கரெக்ட்டு சார். நான் புது டிசையரோட டாக்சி மாடல், டூர் எஸ் சிஎன்ஜி ஓட்டிக்கினு கீறேன். சவாரி பாதிக்குப் பாதி ஆஸ்பத்திரி கேஸ்தான், வேலூர்ல இருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு.

சிக்னல்ல நிக்க சொல்ல ஸ்டீரிங் மேல கை வெச்சா லேசா நடுங்கறது தெரியும். பின்னாடி குந்தியிருக்கறவங்க யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. ரோட்டுல எடுத்துட்டா பழைய வண்டிக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது. சிஎன்ஜியில பவர் இன்னும் கம்மி, 70 பிஎஸ் கிட்ட, டார்க் 102. நாலு பேரை ஏத்திக்கினு ஏசி போட்டுக்கினு ஏலகிரி ஏறினா 14 வளைவுல பாதிக்கு மேல ரெண்டாவது கியர்தான், சில வளைவுல ஒண்ணாவதுக்கும் வரணும். எஞ்சினை அழவுடாம முன்னாடியே கியரை இறக்கிடு, ஏறிடும்.

மைலேஜுக்கு சிஎன்ஜிய அடிச்சுக்க ஒண்ணும் இல்ல. கம்பெனிக்காரன் வீட்டு வண்டிக்கு கிலோவுக்கு 33.73 சொல்றான். அந்த அளவு நமக்கு வராது, ஆனா பெட்ரோல் வண்டிக்காரன் செலவுக்கும் என் செலவுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. ஆனா செந்திலு தம்பி, உனக்கு வேணாம். டிக்கியில கேஸ் சிலிண்டர் குந்திக்கினு கீது. ஏர்போர்ட் சவாரிக்குப் பெட்டி நாலு வந்தா ரெண்டை மடியில வெச்சுக்கச் சொல்ற நிலைமை. வாக்கர் வெச்சுக்கிற வீட்டுக்கு சரிப்படாது. பங்க்ல கியூ வேற.

சத்துவாச்சாரி செந்தில்

அண்ணே, ரொம்ப நன்றி. சிஎன்ஜி நினைப்பை விட்டுட்டேன். பாட்டி வாக்கர் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது, டிக்கி காலியா இருந்தே ஆகணும். வாத்தியார் சார், டீசல் விஷயம் அப்பாகிட்ட சொன்னேன். "அப்போ இதையே இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாமே"ங்கறாரு. ஏசி கம்ப்ரஸரும் இன்ஜெக்டரும் சேர்ந்து செலவு வெச்சுக்கிட்டே இருக்கு, அதை அவரும் பார்த்துக்கிட்டுதான் இருக்காரு.

பாடி பத்தி யாராவது விளக்குங்க. மாருதின்னாலே "தகரம், தட்டினா அமுங்கும்"னு எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க. 5 நட்சத்திரத்தை எவ்வளவு தூரம் நம்பறது?

ராணிப்பேட்டை ஷீட்மெட்டல்

நான் தினமும் இரும்புத் தகடு வளைக்கற வேலையில இருக்கேன். கதவைத் தட்டிப் பார்த்து வண்டி கெட்டியா இல்லையான்னு சொல்றது எந்தக் காலத்துக்கும் உதவாத சோதனை. நீங்க தட்டறது வெளித்தோல். அது 0.7 மி.மீ. இருந்தாலும் 0.8 மி.மீ. இருந்தாலும் மோதல்ல உயிரைக் காப்பாத்தப் போறதில்லை. காப்பாத்தறது உள்ளே மறைஞ்சிருக்கற எலும்புக்கூடு: முன்கண்ணாடியோரத் தூண் (ஏ பில்லர்), ரெண்டு கதவுக்கும் நடுவுல நிக்கற தூண் (பி பில்லர்), கதவுக்கு அடியில ஓடற "சில்"ங்கற சட்டம், முன்பக்கம் எஞ்சினைத் தாங்கற ரெண்டு நீளச் சட்டம். அங்கே எந்த ரக எஃகு போட்டிருக்காங்க, எங்கே வெல்டு வெச்சிருக்காங்க, விசை எந்த வழியாப் பின்னாடி போகுதுன்னுதான் பார்க்கணும்.

முன்பக்கம் அமுங்கணும். அமுங்கறதுலதான் மோதலோட சக்தி செலவாகும். ஆள் உக்கார்ற அறை அமுங்கக் கூடாது. சோதனையில "பாடிஷெல் ஸ்டேபிள்"னு சொல்றது இந்த அறையைத்தான். டிசையருக்கு ஸ்டேபிள்னே வந்திருக்கு. குளோபல் என்கேப்ல பெரியவங்களுக்கு 34-க்கு 31.24, 5 நட்சத்திரம். குழந்தைகளுக்கு 49-க்கு 39.20, 4 நட்சத்திரம். பிறகு 2025-ல நம்ம நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்லயும் 5 வாங்கிடுச்சு. 6 ஏர்பேக், வண்டி வழுக்காம பிடிக்கற இஎஸ்பி, எல்லா சீட்டுக்கும் மூணு முனை பெல்ட், இதெல்லாம் அடிமட்ட எல்எக்ஸ்ஐ மாடல்லயே வருது. பணம் கூடக் கொடுத்தாத்தான் பாதுகாப்புங்கற நிலைமை இந்தத் தலைமுறையில போயிடுச்சு. எனக்கு இந்த வண்டியில ரொம்பப் பிடிச்ச மாற்றம் இதுதான். வண்டி எடையும் பெட்ரோல்ல ஒரு டன்னைத் தாண்டலை, அதனால "கனமா இருந்தாத்தான் கெட்டி"ங்கற பேச்சும் நிக்காது.

ஆனா ஒரு விஷயத்தை எல்லாரும் மனசுல ஆழமாப் போட்டுக்கணும். அந்தச் சோதனை 64 கி.மீ. வேகத்துல நடக்கறது. நீங்க நெடுஞ்சாலையில போறது 100. மோதல் சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 100-ஐ 64-ஆல வகுத்து வர்க்கம் போடுங்க, 2.44 வரும். சோதனைக்கூடத்துல வண்டி தாங்கினதைப் போல ரெண்டரை மடங்கு. 5 நட்சத்திரம் அதுக்கு உத்தரவாதம் இல்லை. வாலாஜாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவுல ராத்திரியில ஓரத்துல லைட் இல்லாம நிக்கற லாரிங்க எத்தனைன்னு இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அதோட பின்சீட்டு பெல்ட். சட்டப்படி கட்டாயம், ஆனா நம்ம பக்கம் பத்து வண்டியில ஒண்ணுல கூடப் பின்னாடி பெல்ட் பார்க்க முடியறதில்லை. பின்னாடி உக்கார்ந்தவர் பெல்ட் இல்லாம இருந்தா, மோதின நொடியில முன்சீட்டு ஆளோட முதுகு மேல அவரோட முழு எடையும் பாயும். முன்னாடி இருக்கறவர் பெல்ட் போட்டு, ஏர்பேக் விரிஞ்சு, எல்லாம் சரியா வேலை செஞ்சும் பின்னாடியிருந்து வர்ற அடியில போயிடுவாரு. செந்தில், உங்க அம்மாவையும் பாட்டியையும் இன்னைக்கே பழக்குங்க. பழைய வண்டியிலயே ஆரம்பிங்க.

ஆற்காடு நித்யா

ராணிப்பேட்டை அண்ணா சொன்ன பெல்ட் விஷயத்துக்கு என் கூடுதல் வேண்டுகோள்: 4 வயசுக் குழந்தையை மடியில வெச்சுக்கிட்டுப் போகவே கூடாது. பெரியவங்க பெல்ட்டும் அந்த உயரத்துக்குக் கழுத்துலதான் விழும். ஐசோஃபிக்ஸ் சைல்டு சீட், அதாவது வண்டியோட கொக்கியிலேயே நேரா மாட்டற குழந்தை சீட் ஒண்ணு வாங்கிடுங்க. ஐசோஃபிக்ஸ் கொக்கி பின்சீட்டோட ரெண்டு ஓரத்துல மட்டும்தான் இருக்கும், நடுவுல இருக்காது. அதனால உங்க வீட்டுக்கு உக்காரும் முறை இதுதான் வரும்: டிரைவருக்குப் பின்னாடி சைல்டு சீட், நடுவுல அம்மா, இடதுபக்கக் கதவோரம் பாட்டி. 1735 மி.மீ. அகல வண்டியில நடுவுல உக்கார்றவங்களுக்கு நெருக்கம்தான், காலுக்குக் கீழே மேடு வேற. திருவண்ணாமலை வரைக்கும் தாங்கும். திருப்பதின்னா நடுவுல ஒருமுறை இறங்கி நடந்துட்டு ஏறட்டும்.

நான் ஓட்டறது மூணாம் தலைமுறை அமேஸ் சிவிடி, கியர் படியே இல்லாத ஆட்டோமேட்டிக். 2024 டிசம்பர்ல வந்த மாடல். டிசையரையும் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் இதை எடுத்தோம். எங்களை முடிவெடுக்க வெச்சது மூணு விஷயம். நாலு சிலிண்டர் எஞ்சின், 1199 சிசி, 90 பிஎஸ், சிக்னல்ல நிக்கும்போது எஞ்சின் ஓடுதான்னே தெரியாது. டிக்கி 416 லிட்டர், டிசையர்ல 382. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 172 மி.மீ., டிசையர்ல 163. ஆற்காடு பஜார்ல ஊர்ந்து போறப்போ சிவிடி தர்ற நிம்மதி பெரிசு. பாதுகாப்புலயும் பாரத் என்கேப்ல பெரியவங்களுக்கு 5 நட்சத்திரம் இருக்கு.

மைலேஜ்ல டிசையர்தான் ஜெயிக்கும், பேச்சே இல்லை. எனக்குக் கம்பெனி சொல்றதே லிட்டருக்கு 19.46. டவுனுக்குள்ள அதுவும் நல்லாவே இறங்கும். பெட்ரோல் டேங்க்கும் 35 லிட்டர்தான், டிசையர்ல 37.

வாணியம்பாடி ரஃபீக்

நித்யா அக்கா, உங்க வண்டியில அந்த கேமரா வெச்சு ஓட்டறவருக்கு உதவற ஏடிஏஎஸ் இருக்கா? இங்கே பிரயோஜனம் உண்டா? நம்ம சாலையில கோடே பல இடத்துல அழிஞ்சுல்ல கிடக்குது.

ஆற்காடு நித்யா

இருக்கு தம்பி, இசட்எக்ஸ் மாடல்ல மட்டும்தான் வரும். சென்னை போற ஆறுவழியில கோடு தெளிவா இருக்கற இடத்துல லேன் உதவி ஒழுங்கா வேலை செய்யுது. ராத்திரியில ஹைபீம் தானா ஏறி இறங்கறதும் நல்லா இருக்கு. வேலை நடக்கற இடத்துல, சர்வீஸ் ரோட்டுல, ஊருக்குள்ள லேன் உதவியை அணைச்சுடுவேன். டூவீலர் திடீர்னு குறுக்கே வந்து பிரேக் தானா பிடிச்சா, பின்னாடி வர்ற பஸ் நம்மளை இடிக்குமோங்கற பயம் ஊருக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கு. நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் இருக்கறவங்களுக்கு அது தேவை. ஊருக்குள்ளேயே சுத்தறவங்க விஎக்ஸ் மாடலோட நிறுத்திக்கலாம்.

வாணியம்பாடி ரஃபீக்

நன்றிக்கா. செந்தில் அண்ணன் அப்பா வயசானவர், ஆட்டோமேட்டிக் பார்க்கலாமேன்னு சொல்ல வந்தேன். மாமா டிசையர் ஏஎம்டியில ஏலகிரி ஏறினோம். வளைவு முடிஞ்சு ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஒரு நொடி வண்டி யோசிக்குது, தலை முன்னாடி ஆடுது. ரிவர்ஸ்லயோ ஏத்தத்துலயோ பின்னாடி உருளுமோன்னும் பயமா இருந்துச்சு. வாத்தியார் சார், இது வண்டிக் குறையா, ஓட்டறவர் குறையா?

காட்பாடி வாத்தியார்

ரெண்டும் இல்லை, அமைப்பே அப்படி. ஏஎம்டி என்பது அதே 5 கியர் மேனுவல் பெட்டிதான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் நம் கால் கைக்குப் பதிலாக ஒரு இயந்திரக் கை செய்கிறது. கியர் மாறும் அந்த நேரத்தில் சக்கரத்துக்கு விசை போகாது. நீங்கள் சொல்லும் "யோசனை" அதுதான். சிவிடியில் கியர் என்ற படிகளே கிடையாது. இரண்டு கப்பிகளின் விட்டம் மாறிக்கொண்டே போக, நடுவில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். விசை அறுபடாது. ஆனால் அந்தப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கவே சக்தி செலவாகும். டிசையரில் ஏஎம்டி மேனுவலைவிடக் கூடுதல் மைலேஜ் காட்டுவதற்குக் காரணமும் பெட்டி மேனுவலாகவே இருப்பதுதான். சரியான நேரத்தில் மேல்கியருக்குத் தள்ளிவிடுகிறது.

மலையில் ஏஎம்டி ஓட்டினால் மேனுவல் மோடுக்கு மாற்றி 2-இல் வைத்துக்கொள்ளுங்கள், தடுமாற்றம் பெருமளவு போய்விடும். டிசையரில் ஹில் ஹோல்டு இருக்கிறது, பிரேக்கை விட்ட பிறகும் ஓரிரு நொடி பிடித்துக்கொள்ளும். அதற்குள் ஆக்சிலேட்டருக்குக் கால் வந்துவிட வேண்டும். ஆக்சிலேட்டராலேயே வண்டியை ஏற்றத்தில் நிறுத்திப் பிடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். கிளட்ச் கருகும்.

ஆம்பூர் அன்வர்

நீளத்தைப் பத்தி யாரும் பேசலையே. 2008-ல வந்த முதல் டிசையர் 4 மீட்டருக்கு மேல, 4160 மி.மீ. இருந்தது. 4 மீட்டருக்குள்ள இருக்கற சின்ன காருக்கு வரி குறைவுங்கறதால 2012 மாடல்ல பின்பக்கத்தை வெட்டி 3995-க்குக் கொண்டு வந்தாங்க. எங்க சித்தப்பாகிட்ட அந்த மாடல் இருந்தது, டிக்கி வெட்டி ஒட்டின மாதிரியே தெரியும். 2017-லதான் தோற்றம் கொஞ்சம் ஒத்து வந்தது. இந்த நாலாவதுலயும் அதே 3995 நீளம், அதே 2450 வீல்பேஸ், ஆனா பக்கவாட்டுல நின்னு பார்த்தா கூரை இறங்கி டிக்கியில சேர்ற கோடு இப்பத்தான் செடானுக்குரிய லட்சணத்தோட இருக்கு. 5 மி.மீ. கூட நீட்ட முடியாத இடத்துல இவ்வளவு செஞ்சதுக்கு டிசைன் பண்ணவங்களைப் பாராட்டணும். எஞ்சின் 1197, 1199-ன்னு நிக்கறதும் அதே வரிக் கணக்குதான், பெட்ரோலுக்கு 1200 சிசி வரம்பு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து இந்த வகைக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டியும் 1 விழுக்காடு செஸ்ஸும் போய், வெறும் 18 ஆயிடுச்சு. செடான் வாங்க நினைக்கிற நடுத்தர வீட்டுக்கு நல்ல நேரம் இது.

சன்ரூஃப் பத்தி ஒரு வார்த்தை. டிசையரோட உச்ச மாடலான இசட்எக்ஸ்ஐ பிளஸ்ல மட்டும்தான் வருது. நம்ம ஊரு சித்திரை வெயில்ல மத்தியானம் வண்டியை வெளியில நிறுத்தி எடுத்தா ஸ்டீரிங்கைத் தொட முடியாது. அந்த நிலைமையில தலைக்கு மேல கண்ணாடி வெச்சு, அதை மூடறதுக்கு ஒரு திரை வெச்சு, கண்ணாடியைத் தாங்கற சட்டத்துக்காகக் கூரையில இடத்தையும் விட்டுக்கொடுக்கணுமா? சின்ன எஞ்சினுக்கு ஏசி கம்ப்ரஸர் ஏற்கெனவே ஒரு சுமை. அந்தக் காசுக்கு நல்ல தரமான சைல்டு சீட் வாங்கலாம். எல்எக்ஸ்ஐயும் வேண்டாம், பின்சீட்டுக்கு ஏசி துவாரம் கிடையாது. பாட்டிக்கு அது கட்டாயம் வேணும்.

சத்துவாச்சாரி செந்தில்

எல்லாருக்கும் கோடி நன்றி. நேத்து டிசையர் இசட்எக்ஸ்ஐ மேனுவலும் அமேஸ் சிவிடியும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தோம். அப்பா, அம்மா, பாட்டி எல்லாரையும் ஏத்திக்கிட்டுத்தான் போனேன். விற்பனைப் பிரதிநிதி தனியா ஓட்டிக் காட்டறேன்னாரு, நாங்க ஒத்துக்கலை.

காட்பாடி ரயில்வே மேம்பாலத்துல வண்டிங்க நகராம நின்ன நேரத்துல டிசையரோட எஞ்சினைக் கவனிச்சேன். ஏசி கம்ப்ரஸர் ஓட ஆரம்பிக்கும்போது ஒரு சின்ன உதறல், கியர் லீவர் தலையில விரல் வெச்சா தெரியுது. கம்ப்ரஸர் நின்னதும் அடங்கிடுது. பின்சீட்டுல அம்மாகிட்ட கேட்டேன், ஒண்ணும் தெரியலைன்னாங்க. மேம்பால ஏத்தத்துல 2-ஆவது கியர்ல எடுத்தப்போ அப்பா "இழுவை இல்லையே"ன்னாரு. வாத்தியார் சொன்ன மாதிரி 2500 ஆர்பிஎம் வரைக்கும் விட்டு எடுக்கச் சொன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலை. நெடுஞ்சாலையில ஏறி 80-ல போனப்போ "சத்தம் கம்மி, நம்ம டீசலுக்கு இது எவ்வளவோ மேல்"ன்னு அவரா சொன்னாரு.

எங்க தெரு வேகத்தடையில முன்னெல்லாம் அடி தட்டும். இதுல ஆள் ஏறின பிறகும் தட்டலை, ஆனா நான் கொஞ்சம் சாய்ச்சுத்தான் ஏத்தினேன். அமேஸ் நேரா ஏறி இறங்கிடுச்சு. எஞ்சின் அமைதியிலயும் அமேஸ்தான் ஒரு படி மேல, நித்யா சொன்னது நூத்துக்கு நூறு சரி. அப்பா சிவிடியை ஓட்டிப் பார்த்துட்டு "கால் சும்மா இருக்கறது எனக்குப் பழக்கமில்லை"ன்னு சொல்லிட்டாரு.

தீர்மானம் பண்ணினது பாட்டிதான். ரெண்டு வண்டியிலயும் பின்கதவைத் திறந்து ஏற விட்டோம். முதல்ல குறுக்கா உக்கார்ந்து, பிறகு ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பறதுதான் அவங்க வழக்கம். டிசையர்ல திரும்பும்போது முட்டி கதவுச் சட்டத்துல இடிக்கலை, யாரையும் பிடிக்காம ஏறிட்டாங்க. அமேஸ்ல கூரை ஓரம் தலைக்குக் கிட்ட வந்ததால அம்மா கை கொடுக்க வேண்டியிருந்தது. டிசையர் உயரம் 1525 மி.மீ., அமேஸ் 1500. பேப்பர்ல பார்த்தா 25 மி.மீ. ஒண்ணுமில்லாத கணக்கு. வாக்கர் ரெண்டு டிக்கியிலயும் படுக்க வெச்சா போயிடுது.

டிசையர் இசட்எக்ஸ்ஐ பெட்ரோல் மேனுவல் புக் பண்ணிட்டோம். எல்இடி ஹெட்லைட், ஆட்டோ ஏசி, 15 அங்குல அலாய் எல்லாம் அதிலேயே வந்துடுது. சன்ரூஃப் வேண்டாம்னு பொண்ணை சமாதானப்படுத்தியாச்சு. சைல்டு சீட்டும் சேர்த்து வாங்கறோம். டெலிவரி எடுக்கும்போது எதைப் பார்க்கணும்னு மட்டும் சொல்லிடுங்க.

ராணிப்பேட்டை ஷீட்மெட்டல்

வாழ்த்துகள் செந்தில். பணம் முழுசா கட்டறதுக்கு முன்னாடியே யார்டுக்குப் போய் வண்டியைப் பகல் வெளிச்சத்துல பாருங்க. கதவுகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி மேலிருந்து கீழே வரைக்கும் ஒரே அளவா இருக்கான்னு விரல் விட்டுப் பாருங்க. பானெட் திறந்து, ஃபெண்டர் போல்ட் தலையில பெயிண்ட் கீறல் இருந்தா கழட்டி மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம், காரணம் கேளுங்க. எனக்கு ஒரு டீலர்கிட்ட அப்படித்தான் பம்பர் உரசி டச்சப் பண்ணின வண்டியை நீட்டினாங்க, வேற வண்டி கொடுக்கச் சொல்லி வாங்கினேன்.

குடியாத்தம் வண்டிக்காரர்

தம்பி, டயர் சைடுல நாலு நம்பர் ஒண்ணா அச்சடிச்சிருக்கும். முதல் ரெண்டு எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அஞ்சுலயும் பாரு, ஸ்டெப்னிய வுட்டுடாத. வண்டி தயாரிச்ச மாசம் பிளேட்டுல இருக்கும், பில்லோட ஒத்துப் பாரு. காத்து யார்டுல ஓவரா அடிச்சு வெச்சிருப்பாங்க, வூட்டுக்கு எடுத்தாந்ததும் டிரைவர் கதவுல ஒட்டியிருக்கற அளவுக்கு இறக்கிடு, இல்லனா ஒவ்வொரு பள்ளத்துலயும் பாட்டிக்கு இடுப்பு அடிவாங்கும்.

ஆற்காடு நித்யா

சைல்டு சீட்டை டெலிவரி அன்னைக்கே யார்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஐசோஃபிக்ஸ் கொக்கியில மாட்டி, மேல்பக்கம் இருக்கற டெதர்ங்கற வாரை சீட்டுக்குப் பின்னாடி இருக்கற கொக்கியில இழுத்துக் கட்டுங்க. கட்டின பிறகு சீட்டோட அடியைப் பிடிச்சு ஆட்டினா ஒரு அங்குலத்துக்கு மேல அசையக் கூடாது. அம்மாவை நடுவுல உக்கார வெச்சு அவங்க பெல்ட் பக்கிள் சைல்டு சீட்டுக்கு அடியில மாட்டிக்கலையான்னும் அங்கேயே பார்த்துடுங்க. மாட்டிக்கிட்டா சைல்டு சீட்டை இடதுபக்கம் மாத்திட்டு, பாட்டியை டிரைவருக்குப் பின்னாடி உக்கார வைங்க. அந்தப் பக்கம் ரோட்டுப் பக்கமா இறங்க வேண்டி வரும், அதனால சிஎம்சி வாசல்ல வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்திட்டுத்தான் இறக்கணும்.